உலக முடிவின் காவல்காரர்

சரவணையில் வைத்திலிங்கம் வீடு எது என்று கேட்டால், எந்த வைத்திலிங்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். ஹோட்டன் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்திறங்கி, ஊருக்குள் கால் வைத்த இரண்டாம் கிழமையே அவருக்கு இந்தப் பட்டம் விழுந்துவிட்டது. ஹோட்டன் சமவெளியில் பதினான்கு வருடம் காட்டுக் காவல்காரராக இருந்த மனிதர், அங்கிருந்து கொண்டு வந்தது உடுத்திருந்த உடுப்பும் ஒரு கம்பளிச் சட்டையும்தான். பனங்காய் பழுக்கிற வெயிலிலும் அந்தச் சட்டையைக் கழற்றமாட்டார். ஊர் சும்மா இருக்குமா?

ஏரம்புவின் தேநீர்க் கடையில் பின்னேரம் ஐந்து மணிக்கு அவரை யாராவது கிளறிவிடுவார்கள். கிளறினால் போதும்.

"நுவரெலியாவுக்கும் மேலை, ஏழாயிரம் அடி. வெளி எண்டா வெளி, கண்ணுக்கெட்டின மட்டும் புல்லு. இந்தப் பக்கம் கிரிகல்பொத்தை, அந்தப் பக்கம் தொட்டுபொலை. ரண்டும் மலைக்கு மேலை மலை. உங்கடை ஊரிலை ஆகலும் உயரமான இடம் எது? பனை வட்டு."

"அப்ப அண்ணை, முகில் காலுக்குக் கீழையே போகும்?" என்பான் ஏரம்பு, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு.

"ஓம், போகும்."

"அப்ப மழை பெய்யேக்கை கோவணம்தான் முதல் நனையும், என்ன?"

கடை அதிரச் சிரிப்பார்கள். வைத்திலிங்கமும் கோபிக்காமல் மேலே சொல்லிக்கொண்டு போவார். அவருக்குச் சொல்வது முக்கியம், கேட்பவர்கள் சிரிப்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று பெரிய ஆறுகளுக்கு அங்கேதான் தலை. காற்றடித்து அடித்து மரங்களெல்லாம் கூனிக் குறுகி, குடைபோலக் கவிந்து, கிளைகளில் பாசி தாடியாகத் தொங்கும். தை மாதத்து விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும், மிதித்தால் நொறுங்கும். குறிஞ்சிப் பற்றை பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்து, பூத்த கையோடு செத்துப்போகும். ஒருகாலத்தில் யானையும் அங்கே நின்றதாம். வெள்ளைக்காரத் துரைமார் வந்து, குளிருக்கு ஒரு கிளாஸ் அடித்துவிட்டு, யானையையும் மரையையும் வஞ்சகமில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். யானை அடியோடு போய்விட்டது. மரை மட்டும் எப்படியோ தப்பிக்கொண்டது. பிறகு பொழுது போகவில்லையென்று ஆற்றில் சீமை மீன் கொண்டுவந்து விட்டுத் தூண்டில் போட்டார்கள். அவர்கள் போன பின் அரசாங்கம் புல்லைக் கிளறி உருளைக்கிழங்கு நட்டது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து மிச்சம் கிடந்த காட்டைத்தான் வைத்திலிங்கம் காவல் காத்தார்.

அந்த வெளியின் தெற்குக் கரையில் நிலம் சட்டென்று முடிந்துவிடும். மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைய நெட்டுக்குத்தான பள்ளம். உலக முடிவு என்று அதற்குப் பெயர். முற்பகல் பத்து மணியானால் கீழேயிருந்து பனிப்புகார் ஏறி வந்து, வெளியும் பள்ளமும் தெரியாமல் எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிடும். அந்த நேரத்தில் பார்க்க வந்தவர்களைப் பிடித்து நிறுத்துவது வைத்திலிங்கத்தின் வேலை.

அவரிடம் இரண்டே இரண்டு பாடம் இருந்தது. புகார் மூடினால் நின்ற இடத்தில் நில், விலகும்வரை காலைத் தூக்காதே. இது ஒன்று. மற்றது, புல் முடிந்து காலில் கல் தட்டினால் அடுத்த அடி இல்லை. எழுபத்தாறில் புதிதாகக் கலியாணம் கட்டிய ஒருவன், பெண்சாதி முன்னால் கெட்டித்தனம் காட்ட, அவர் கத்தக் கத்த நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டுக்கு நிலம் இருக்கவில்லை. புகார் விலகியதும் அந்தப் பெண் தன் காலடியைப் பார்த்தாள். விளிம்பு அவளிலிருந்தும் பத்தடியில்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு பாடமும் வைத்திலிங்கத்துக்குத் தேவாரம் போல ஆகிவிட்டன.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவரைத் தேடி ஆட்கள் மலையேறி வந்தார்கள். ஒரே பானைச் சோறு தின்ற ஒருவன்தான் அவருடைய அறையைக் காட்டிக் கொடுத்தான். அவர் காட்டுக்குள் ஓடினார். புகார் மூடியது. ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். கத்தியும் பொல்லும் வைத்திருந்தவர்கள் பத்தடி தள்ளி, அவர்களுடைய மூச்சு கேட்கிற தூரத்தில், அவரைத் தாண்டிப் போனார்கள். இரண்டு நாள் ஈரத்தில் நடுங்கிக் கிடந்தவரைக் கூட வேலை செய்த இன்னொருவன், அவனும் சிங்களவன்தான், லீக்ஸ் மரக்கறி மூடைகளுக்குக் கீழே படுக்க வைத்து லொறியில் இறக்கிவிட்டான்.

இதிலிருந்து வைத்திலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். நின்றதால் தப்பினேன் என்று நினைத்தார். புகாரால்தான் தப்பினேன், நின்றதால் இல்லை என்பது அந்த மண்டைக்குள் ஏறவேயில்லை.

மனைவி யோகம்மாவுக்கு இந்த மலைக் கதை எதுவும் பிடிக்காது. பதினான்கு வருடமும் அவளுக்குப் புருசன் என்பது சித்திரைக்கு ஒருமுறை, மார்கழிக்கு ஒருமுறை வந்து, குளிரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிற ஆள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது அவள். மாட்டுக்கு வைக்கோல் தேடியது அவள். ஒரே மகள் பரிமளத்தைக் காய்ச்சலிலும் சளியிலும் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு நடந்தது அவள். ஆனால் பிள்ளைக்குத் தகப்பன்தான் தெய்வம். வருடத்தில் இருபது நாள் மட்டும் தரிசனம் தந்தால் யார்தான் தெய்வமாக மாட்டார்கள்? பரிமளத்துக்கு அந்த மலை மனப்பாடம். உலக முடிவின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்வாள். ஊர் சிரித்தபோதெல்லாம் அவள் ஒருத்திதான் சிரிக்காமல் கேட்டாள்.

எண்பத்தெட்டில் ஹோட்டன் சமவெளியைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. வைத்திலிங்கம் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"நல்லது அண்ணை," என்றான் ஏரம்பு. "இனி உங்களைத் திரும்பக் கூப்பிடுவினமோ?"

ஏரம்பு இதைப் பகிடியாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். அன்றைக்குத்தான் வைத்திலிங்கம் முதல் தடவையாகத் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார்.

பிறகு சண்டை சரவணை கிடக்கிற தீவுப் பக்கத்துக்கும் வந்தது. தொண்ணூற்றொன்று ஐப்பசியில் படை முழுவதுமாக வந்திறங்கியபோது சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. யோகம்மா தங்கச்சியைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போனவள், திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். வைத்திலிங்கமோ ஓடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒருமுறை துரத்தப்பட்டவன் இன்னொருமுறை துரத்தப்படமாட்டான் என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்காக வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு பரிமளமும் தகப்பனை விட்டுப் போகாமல் நின்றுவிட்டாள். அவளுடைய புருசன் இலட்சுமணன், சரவணைப் பெடியன்தான், சில மாதங்களுக்கு முன்னர்தான் ஜேர்மனிக்குப் போயிருந்தான்.

தை மாதம் பிறந்தது. ஊரில் மிஞ்சியிருந்த மருத்துவிச்சி செல்லாச்சி வந்து பரிமளத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. என்ரை கையாலை ஏலாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ வைத்திலிங்கம். ஒரு கிழமைக்கு மேலை வைச்சிருந்தால் ரண்டையும் இழப்பாய்."

சாவகச்சேரியிலிருந்து யோகம்மாவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். "நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. என்ரை பிள்ளையை மட்டும் என்னட்டைக் கொண்டுவந்து சேருங்கோ."

சரவணையின் வடக்குக் கரைக்கும் யாழ்ப்பாணப் பக்கத்து அராலிக்கும் நடுவே இருப்பது ஆழமில்லாத கடல். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அதில் யாரும் இறங்கக்கூடாது என்பது கடற்படையின் கட்டளை. பகலில் வள்ளம் கண்ணில் பட்டால் ஹெலிகொப்டர் வந்து சுடும். ஊர்காவற்றுறைப் பக்கத்து மீனவன் யாக்கோப்பு மட்டும் தை மாதத்து விடியற் புகாருக்குள் ஆட்களைக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தான். இயந்திரம் இல்லாமல் வெறும் கோல் ஊன்றித்தான் போவான். கண் தெரியாத புகாரில் அவனுக்குக் கோல்தான் கண். நுனியில் சேறு இழுத்தால் நடுக்கடல். சாதாளைக் கடற்புல் சிக்கினால் முக்கால்வாசி வந்தாயிற்று. கல் தட்டினால் அராலிக் கரை கிட்ட. இதை வைத்தே அந்த மாதத்தில் நாற்பது பேரைக் கரை சேர்த்திருந்தான்.

அந்தக் காலை நிலம் வெளுக்கத் தொடங்கும்போது புறப்பட்டார்கள். வள்ளத்தில் மூன்று பேர்தான். பரிமளம் நடுவில் ஒரு பாயில் சரிந்து கிடந்தாள். புகார் அப்படி இறுகியிருந்தது. வள்ளத்தின் இந்தத் தலையில் இருந்தவருக்கு அந்தத் தலை தெரியவில்லை.

"மாதா தந்த புகார், அண்ணை," என்றான் யாக்கோப்பு மெல்ல. "இதுக்குள்ளை எங்களை ஒருத்தனும் காணமாட்டான்."

எட்டரை வருடத்துக்குப் பிறகு வைத்திலிங்கம் அப்படி ஒரு வெள்ளைக்குள் இருக்கிறார். சேறு இழுத்தது, பிறகு சாதாளை சிக்கியது. யாக்கோப்பு ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தான். அரை மணி நேரத்தில் கோலின் நுனி 'டொக்' என்றது.

"கல் தட்டுது," என்றான் யாக்கோப்பு. அவனுடைய குரலில் நிம்மதி இருந்தது.

வைத்திலிங்கம் துள்ளி எழுந்து கோலைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டும். இனி ஒரு முழம் போகக்கூடாது."

"என்ன கதை அண்ணை இது? கல் எண்டாக் கரை."

"கல்லுக்கு அங்காலை என்ன எண்டு உமக்குத் தெரியுமோ? புகாருக்குள்ளை திசை மாறியிருந்தா? நாங்கள் சுத்திச் சுத்தி அவங்கடை முகாமடிக்கே வந்திருந்தா? நீர் கோலை வையும். விலகட்டும். கண்ணாலை பார்த்துட்டுப் போவம்."

"விலகினா அவனும் கண்ணாலை பாப்பான் அண்ணை."

"பதினாலு வருசம் புகாருக்குள்ளை ஆக்களைக் காப்பாத்தினவன் நான். நடந்தவன்தான் செத்தவன். நிண்டவன் சாகேல்லை."

யாக்கோப்பு கோலை இழுத்தான், வைத்திலிங்கம் விடவில்லை. வள்ளம் ஆடியது. பரிமளம் வயிற்றைப் பிடித்தபடி கண்ணைத் திறந்தாள். பிரசவ நோ வரத் தொடங்கியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அப்பாவுக்குப் புகாரைப் பற்றித் தெரியும், யாக்கோப்பண்ணை. அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நில்லுங்கோ."

யாக்கோப்பு அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கோலை விட்டான். வைத்திலிங்கம் அதை வாங்கித் தன் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புகார் மூடினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவர் தன் பிள்ளையை நிறுத்திவிட்டார். நெஞ்சு நிறைந்து போயிருந்தது அவருக்கு. பதினான்கு வருடமும் கைக்கெட்டாத தூரத்தில் இருந்துவிட்டு, இன்றைக்குத்தான் ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்வதாக அவருக்குப் பட்டது.

ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றார்கள். யாக்கோப்பு செபமாலையை உருட்டினான். பரிமளம் ஒரு சத்தமும் போடவில்லை. தகப்பனுடைய கம்பளிச் சட்டையின் கையைக் கவ்விக்கொண்டு நோவைத் தின்றாள்.

எட்டு மணியளவில் வெயில் ஏறியது. புகார் கிழிந்து கிழிந்து மேலே போனது. வைத்திலிங்கம் எழுந்து நின்று பார்த்தார்.

கரை இருநூறு முழத்தில் இருந்தது. அராலிப் பனைகள் வட்டு வட்டாகத் தெரிந்தன. கரையில் ஒரு கிழவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நாய் ஒன்று அவர்களைப் பார்த்துக் குரைத்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். இறங்கி நடந்திருந்தால்கூட இதற்குள் ஒருமுறை போய்த் திரும்பி வந்திருக்கலாம்.

"இயேசுவே," என்றான் யாக்கோப்பு. கோலைப் பறித்தான். மூன்று தரம் ஊன்றினான். நாலாம் தரம் ஊன்ற முன்னர் தெற்கே ஹெலியின் சத்தம் கேட்டது.

அது பதிந்து வந்து, வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை வளைந்து, நிதானமாகச் சுட்டது. யாக்கோப்பு தண்ணீருக்குள் பாய்ந்தான். அவனுடைய தோளில் ஒரு குண்டு பட்டது. வைத்திலிங்கம் மகளின் மேல் கவிழ்ந்து படுத்தார். இன்னொரு குண்டு வள்ளத்தின் பலகையைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கம்பளிச் சட்டை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது, அவருடைய இரத்தத்தால் அல்ல.

கரையிலிருந்து நாலைந்து பேர் இறங்கி ஓடிவந்து தூக்கினார்கள். மணலில் கிடத்தும்போது பரிமளம் போய்விட்டாள். அங்கே நின்ற ஒரு பெண் குனிந்து அவள் வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. எல்லாரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வண்டி கொண்டு வாருங்கள் என்று யாரோ கத்தினார்கள். வண்டி வரும் முன்னரே அவள் கையை எடுத்துவிட்டாள்.

யோகம்மா செத்த வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைக்கவில்லை. மகளுடைய தலையை மடியில் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டாள். அவ்வளவுதான். தோளில் கட்டோடு வந்திருந்த யாக்கோப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன நடந்தது தம்பி?"

யாக்கோப்பு வைத்திலிங்கத்தைப் பார்த்தான். "அண்டைக்குப் புகார் இறங்கேல்லை அக்கா. இறங்கும் எண்டு நம்பிப் போட்டம். எங்கடை காலம்."

அவன் ஏன் பொய் சொன்னான் என்று வைத்திலிங்கத்துக்கு விளங்கவில்லை. கொஞ்சம் இரக்கமாக இருக்கலாம். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கலாம். கடல் தெரிந்த ஒருவன், கடல் தெரியாத ஒருவனிடம் கோலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வான்? எப்படியோ அந்தப் பொய் நிலைத்துவிட்டது. சொந்தம் பந்தமெல்லாம் வைத்திலிங்கத்தின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். தட்டிய ஒவ்வொரு கையையும் பிடித்து, நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல அவருக்கு வாய் உன்னியது. சொல்லும் தைரியம் இல்லை. சாவகச்சேரியில் மச்சாள் வீட்டுத் தாழ்வாரத்தில் யோகம்மா போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இரண்டு மாதம் இருந்தார்.

பங்குனிக் கடைசியில் ஜேர்மனியிலிருந்து இலட்சுமணனின் கடிதம் வந்தது. எங்கெங்கோ சுற்றி, உடைத்து ஒட்டிய உறையில் வந்தது. யோகம்மாவுக்குக் கண் புகைச்சல், எழுத்துத் தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாசியுங்கோ," என்றாள்.

வைத்திலிங்கம் வாசித்தார். சுகம் விசாரித்திருந்தான். அழுதிருந்தான். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "மாமா, எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தை மாதத்தில் அந்தக் கடலில் புகார் இல்லாத விடியலை நான் கண்டதில்லை. நான் சின்ன வயதிலிருந்து கடந்த கடல். புகாருக்குள்ளேயே கடந்துவிடு என்று பரிமளத்துக்கு எழுதியும் இருந்தேன். அன்றைக்குப் புகார் இருக்கவில்லையா?"

அந்த நாலு வரியையும் விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். யோகம்மாவுக்குத் தெரிய வராது. அவர் விடவில்லை. யாராவது ஒருவர் தன்னை அடிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்த மனிதர், அடியை வாங்கக் கன்னத்தைத் தானே நீட்டினார்.

யோகம்மா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"இருந்ததோ?"

"இருந்தது."

"அப்ப?"

அவர் சொன்னார். கல் தட்டியது, கோலைப் பிடித்தது, ஒன்றரை மணி நேரம், பரிமளம் நில்லுங்கோ என்றது, கரை இருநூறு முழத்தில் தெரிந்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அழுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தார்.

யோகம்மா எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"புகார் இருக்கேல்லை எண்டு எழுதுங்கோ. அந்தப் பிள்ளை அங்கை தனிய இருக்குது. அதுவாவது இதைத் தெரியாமல் இருக்கட்டும்."

எழுதினார். அவள் பக்கத்திலேயே நின்று, அவர் மடித்து உறைக்குள் வைத்து ஒட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உறையை வாங்கிக்கொண்டு, கோபமோ அழுகையோ இல்லாத குரலில், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

"நீங்கள் அந்த மலையிலேயே இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று குசினிக்குள் போனாள்.